மானிட்டோபாவின் 14-வது சட்டமன்றம் ஏன் ஓராண்டில் முடிந்தது?

கேள்வி இது: கனடாவின் மானிட்டோபா மாகாணச் சட்டமன்றங்களின் பட்டியலில் 14-வதற்கு நேரே 1914–1915 என்றும், 15-வதற்கு நேரே 1916–1920 என்றும் போட்டிருக்கிறது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்றால் முதலாவது ஏன் ஓராண்டில் முடிந்தது? இரண்டுக்கும் நடுவில் சட்டமன்றமே இல்லாமல் இருந்ததா? ஒரு சட்டமன்றத்தின் காலத்தை எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்?

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். சட்டமன்றத்தின் வரிசை எண் பொதுத்தேர்தலைப் பின்தொடர்வது. முதல்வர் மாறினாலும், ஆளுங்கட்சி மாறினாலும் எண் மாறாது. பொதுத்தேர்தல் நடந்தால் மட்டுமே மாறும். 14-வது சட்டமன்றம் இருக்கும்போதே கன்சர்வேட்டிவ் ஆட்சி போய் லிபரல் ஆட்சி வந்தது, எண் அதேதான் இருந்தது. ஆண்டுகளைப் போடுவதில்தான் குழப்பம். சில பட்டியல்கள் தேர்தல் ஆண்டிலிருந்து தொடங்கும், சில பட்டியல்கள் அவை முதன்முதலாகக் கூடிய ஆண்டிலிருந்து தொடங்கும். உங்கள் கையில் இருப்பது இரண்டாவது வகை. 15-வது சட்டமன்றத்துக்கான தேர்தல் 1915 ஆகஸ்ட் 6-ல் நடந்தது. உறுப்பினர்கள் அன்றிலிருந்தே உறுப்பினர்கள். ஆனால் அவை கூடியது 1916 ஜனவரி 6-ல். அந்த ஐந்து மாதமும் அமைச்சரவை நிர்வாகத்தை நடத்தியது. அவை மட்டும் கூடவில்லை.

இது விதிமீறல் அல்ல. மாகாணத்தை உருவாக்கிய 1870-ம் ஆண்டின் மானிட்டோபா சட்டம் இரண்டு கட்டுப்பாடுகளை வைத்தது. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவில் பன்னிரண்டு மாதம் கடந்துவிடக் கூடாது என்பது ஒன்று. 14-வது சட்டமன்றத்தின் கடைசித் தொடர் முடிந்த 1915 ஏப்ரல் 1-லிருந்து 1916 ஜனவரி 6 வரை ஒன்பது மாதம்தான், ஆகவே சரி. சட்டமன்றத்தின் ஆயுள், தொகுதிகளுக்கு அனுப்பிய தேர்தல் ஆணைப் பத்திரங்கள் முடிவோடு திரும்பி வந்து சேர்ந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்பது இரண்டாவது. பின்னாளில் மாகாணமே இந்த நான்கை ஐந்தாக நீட்டிக்கொண்டது. தன் அரசியலமைப்பைத் தானே திருத்திக்கொள்ளும் அதிகாரத்தை 1867-ம் ஆண்டின் கனடா அரசியலமைப்புச் சட்டம் 92-வது பிரிவின் முதல் உட்பிரிவில் மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. அதே உட்பிரிவில், மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநரின் பதவியைத் தொடக் கூடாது என்று ஒரு விலக்கும் இருந்தது. அந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 15-வது சட்டமன்றம் பிற்பாடு அதில்தான் போய் முட்டியது.

ஆயுள் எண்ணத் தொடங்குவது வாக்குப்பதிவு நாளிலிருந்து அல்ல, பத்திரங்கள் திரும்பிய நாளிலிருந்து. மானிட்டோபாவில் இந்த வித்தியாசம் முக்கியம். 1912-ல் மாகாண எல்லை 60-வது அட்சரேகை வரை வடக்கே விரிந்தபோது தொலைதூரத் தொகுதிகள் சேர்ந்தன. பயண வசதி குறைவான அங்கே வாக்குப்பதிவை மற்ற இடங்களுக்குப் பிந்திய தேதியில் வைப்பது வழக்கம். 1914, 1915 தேர்தல் அட்டவணைகளில் மொத்த இடங்களோ கட்சிவாரி எண்ணிக்கையோ ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் முதலில் இந்த வடக்குத் தொகுதிகளைச் சரிபாருங்கள்.

மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் மீதி எளிது. ஒத்திவைப்பு என்பது அவை தானாக எழுந்து வேறொரு நாள் மறுபடி உட்காருவது. மசோதாக்கள் அப்படியே உயிரோடு இருக்கும். கூட்டத்தொடரை முடித்துவைப்பது துணைநிலை ஆளுநரின் செயல். நிறைவேறாத மசோதாக்கள் அதோடு செத்துவிடும், அடுத்த தொடரில் முதல் வாசிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கலைப்பு என்றால் உறுப்பினர்களே உறுப்பினர்கள் அல்ல. மானிட்டோபா தன் மேலவையை 1876-லேயே ஒழித்துவிட்டதால் எல்லாமே இந்த ஒரே அவைக்குள் நடக்கும்: மூன்று வாசிப்பு, நடுவில் முழு அவைக் குழுவில் பிரிவு பிரிவாக ஆய்வு, கடைசியில் துணைநிலை ஆளுநரின் ஒப்புதல்.

அந்தக் காலத்துக்கே உரிய இன்னொரு விதியும் உண்டு. சம்பளமுள்ள அமைச்சர் பதவியை ஏற்கும் உறுப்பினர் தன் இடத்தை இழப்பார். இடைத்தேர்தலில் நின்று மறுபடி வர வேண்டும். வெளியிலிருந்து அமைச்சராக வருபவருக்கும் ஓர் இடம் தேட வேண்டும். 1913 இறுதியில் பொதுப்பணித்துறை அமைச்சரான வால்டர் மான்டேக் அப்படித்தான் இடைத்தேர்தலில் நின்று அவைக்குள் வந்தார். அக்காலப் பட்டியல்களில் ஒரே பெயர் ஒரே தொகுதியில் இரண்டு முறை 'தேர்வு' ஆகியிருந்தால் அது அச்சுப்பிழை இல்லை.

இப்போது 14-வதற்கு வருவோம்.

1914 ஜூலை 10-ல் தேர்தல். 1900-லிருந்து முதல்வராக இருந்த சர் ராட்மண்ட் ராப்ளினின் கன்சர்வேட்டிவ் கட்சி 28 இடங்கள், டி. சி. நாரிஸ் தலைமையிலான லிபரல் கட்சி 20, மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து சுயேச்சையாக ஃபிரெட் டிக்சன். ஏழு இடப் பெரும்பான்மை. ஐந்தாண்டு ஓட்டுவதற்குத் தாராளமாகப் போதும். ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கியதும் செப்டம்பரில் ஒரு குறுகிய கூட்டத்தொடர் நடந்தது. வழக்கமான தொடர் 1915 பிப்ரவரியில் ஆரம்பித்தது. பெரும்பான்மை கையில் இருந்தும் ஆட்சியைக் கவிழ்த்தது அவையின் வாக்கெடுப்பு அல்ல, பொதுக் கணக்குக் குழுவின் மேஜை.

புதிய சட்டமன்றக் கட்டடம்தான் விவகாரம். வடிவமைப்புக்காக நடந்த போட்டியில் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் வொர்திங்டன் சைமன் வென்றிருந்தார். 1913-ல் வின்னிபெக் ஒப்பந்ததாரர் தாமஸ் கெல்லியின் நிறுவனத்துக்கு 28,59,750 டாலருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. மோசடி இந்தத் தொகைக்குள் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வந்த 'கூடுதல் வேலை'களில்தான் இருந்தது.

அடித்தளம் முதலில் பைல் அடித்து, அதாவது மண்ணில் தூண்களை அறைந்து, அமைப்பதாகத் திட்டம். வின்னிபெக்கின் மண் ஒரு பழைய பனியுகக் காலத்துப் பெரும் ஏரியின் அடியில் படிந்த களிமண். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் இவ்வளவு கனமான கல் கட்டடத்தை நிறுத்த, கிணறு தோண்டுவதுபோல் சுண்ணாம்புப் பாறை வரை துளையிட்டு அதில் கான்கிரீட் நிரப்பும் கெய்சன் முறைக்கு மாற்றினார்கள். பொறியியல் காரணம் நியாயமானது. ஊழலைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதையே ஏமாற்று என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. தவறு அளவில் இருந்தது. கெய்சனுக்குப் பணம் கன கஜக் கணக்கில். துளை எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதை நிரப்புவதற்கு முன் மேற்பார்வையாளர் அளந்து எழுத வேண்டும். கான்கிரீட் ஊற்றியபின் யாராலும் மறுபடி இறங்கி அளக்க முடியாது. ஆக, ஏட்டில் எழுதிய கன கஜமே உண்மை. ஏட்டில் ஊதிய அளவு, அதற்கு மாகாணக் கட்டடக் கலைஞர் விக்டர் ஹார்வுட்டின் சான்றிதழ், சான்றிதழின் பேரில் கருவூலத்திலிருந்து பணம். எஃகு வேலையிலும் இதே தடம். கூடுதலாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி கட்சியின் தேர்தல் நிதிக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு என்று பின்னர் விசாரணை ஆணையம் கண்டது.

1915 மார்ச்சில் லிபரல் உறுப்பினர் ஏ. பி. ஹட்சன் பொதுக் கணக்குக் குழுவில் இந்தக் கூடுதல் வேலைகளின் பணப் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் துருவினார். குழுவில் பெரும்பான்மை ஆளுங்கட்சிக்கு, ஆகவே அறிக்கை எப்படியும் சாதகமாகவே வரும். ஆனால் குழுவுக்கு ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் உண்டு. கேட்ட கேள்வியும் கிடைக்காத பதிலும் பதிவாகும். கெய்சன்களை அளந்து குறித்த மேற்பார்வையாளர் சாட்சிக்கு வரவில்லை. அவரை எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். அளவுப் புத்தகத்துக்குப் பொறுப்பான ஒரே ஆள் மாயமானது, எந்த எண்ணையும்விட அழுத்தமாகப் பேசியது.

தோற்கப்போகும் சிறுபான்மை அடுத்து என்ன செய்யும்? கூட்டத்தொடர் ஏப்ரல் 1-ல் முடிய இருந்தது. முடித்துவைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வரை கேள்வி கேட்க இடமே இல்லை. முந்தைய நாள் லிபரல் உறுப்பினர்கள் துணைநிலை ஆளுநர் டக்ளஸ் கேமரனிடம் மனுவோடு போனார்கள்: அரச விசாரணை ஆணையம் அமையும்வரை தொடரை முடித்துவைக்காதீர்கள் என்று. கேமரன் 1911-ல் லிபரல் பிரதமர் லாரியேயின் அரசு நியமித்தவர். முன்பு லிபரல் அரசியல்வாதியாக இருந்தவரும்கூட. முதல்வரின் ஆலோசனைப்படி நடப்பதே வழக்கம். ஆனால் ஆலோசனையை ஏற்காமலிருக்கவும், அதன் விளைவாக முதல்வரே விலக நேரும் நிலையை உருவாக்கவும் அந்தப் பதவிக்கு அதிகாரம் உண்டு. கேமரன் அந்த விளிம்பு வரை போனார். ராப்ளின் ஆணையத்துக்கு ஒப்புக்கொண்டார்.

தலைமை நீதிபதி டி. ஜி. மேத்தர்ஸ், நீதிபதி டி. ஏ. மெக்டொனால்ட், முன்னாள் கன்சர்வேட்டிவ் முதல்வர் சர் ஹ்யூ ஜான் மெக்டொனால்ட் ஆகிய மூவர் ஆணையம். ஏப்ரல் இறுதியில் சாட்சியம் தொடங்கியது. மே 12-ல் ராப்ளின் அமைச்சரவை ராஜினாமா செய்தது. சாட்சியம் தொடங்கிப் பார்த்தால் மூன்று வாரம்கூட இல்லை. நாரிஸ் முதல்வரானார். பழைய அவையில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத்தான் இன்னும் பெரும்பான்மை, ஆகவே அதைக் கூட்டி ஆள முடியாது. கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போவதுதான் ஒரே வழி. 14-வது சட்டமன்றத்தின் முடிவு இதுதான்: நம்பிக்கை வாக்கில் தோற்கவில்லை, ஆயுளும் முடியவில்லை, ஆட்சி கைமாறியபின் புதிய ஆட்சியால் பழைய அவையோடு வாழ முடியவில்லை.

ஒப்பந்ததாரருக்குச் சுமார் 9 லட்சம் டாலர் அதிகமாகப் போயிருப்பதாக ஆணையம் கணக்கிட்டது. பின்னால் உரிமையியல் வழக்கில் அவர் திருப்பித்தர வேண்டிய தொகை 12 லட்சம் டாலருக்கு மேல் என்று தீர்மானிக்கப்பட்டது. கெல்லி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். நாடுகடத்தலை எதிர்த்து அவர் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1916-ல் தோற்றது. வின்னிபெக்கில் விசாரிக்கப்பட்டு இரண்டரை ஆண்டு தண்டனை பெற்றார். ராப்ளின் மீதும் மூன்று முன்னாள் அமைச்சர்கள் மீதும் சதி வழக்கு வந்தது. மான்டேக் 1915 நவம்பரில் இறந்துபோனார். மற்றவர்கள் வழக்கில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1917-ல் உடல்நிலையைக் காரணம் காட்டி வழக்கு கைவிடப்பட்டது. 'ராப்ளின் சிறைக்குப் போனார்' என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

1915 தேர்தல் முடிவு: லிபரல் 40, கன்சர்வேட்டிவ் 5. மீதி இரண்டு இடங்கள் வின்னிபெக்கிலிருந்து: டிக்சனும், சமூக ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் ரிக்கும். ஐந்து பேரைக்கொண்டு எதிர்க்கட்சியாக இயங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. உண்மையான எதிர்ப்பு பல நேரம் அந்த இருவரிடமிருந்தும், ஆளும் லிபரல் கட்சிக்குள்ளேயே இருந்த பிரெஞ்சு மொழி உறுப்பினரிடமிருந்தும்தான் வந்தது.

15-வது சட்டமன்றத்தின் முதல் கூட்டத்தொடரைக் கனடாவின் மாகாண வரலாற்றிலேயே மிக அடர்த்தியான தொடர்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். பெண்கள் வாக்குரிமை, மதுவிலக்கு, கட்டாயக் கல்வி, இருமொழிப் பள்ளி நீக்கம், தொழிலாளர் இழப்பீடு, குழந்தைகளோடு தவிக்கும் கைம்பெண்களுக்கான தாய்மார் உதவித்தொகை, மக்களே சட்டம் இயற்றும் முறை எல்லாம் 1916 ஒரே ஆண்டில். தாய்மார் உதவித்தொகைச் சட்டம் கனடாவில் முதலாவது.

வாக்குரிமைச் சட்டம் ஜனவரி 28-ல் ஒப்புதல் பெற்றது. கனடாவில் இதைச் செய்த முதல் மாகாணம் மானிட்டோபா. சஸ்காச்சுவான் மார்ச்சிலும் ஆல்பர்ட்டா ஏப்ரலிலும் பின்தொடர்ந்தன. பெண்களே இதை விரும்புகிறார்கள் என்று காட்ட மனு கொண்டு வாருங்கள் என்பது லிபரல் தலைமையின் நிபந்தனை. 1915 டிசம்பரில் 39,584 கையெழுத்துகளோடு மனு வந்தது; தொண்ணூறு வயதைக் கடந்த அமீலியா பரிட் தனி ஆளாகச் சேர்த்த 4,250 கையெழுத்துகள் தனிக்கட்டாக வந்தன. இங்கே அடிக்கடி விடுபடும் ஒரு விவரம் உண்டு. மசோதாவின் முதல் வடிவத்தில் பெண்கள் வாக்களிக்கலாம், ஆனால் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. வாக்குரிமைக்காகப் போராடிய அரசியல் சமத்துவக் கழகத்தைச் சேர்ந்த லிலியன் பெய்னன் தாமஸும் அவர் தங்கை ஃபிரான்சிஸ் மேரியன் பெய்னனும் இதை முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள். தானிய விவசாயிகள் சங்க மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையிலேயே இதைப் போட்டு உடைப்போம் என்று அரசுக்குச் சேதி போனது. மசோதா திருத்தப்பட்டது. மசோதாவில் ஒரு சொற்றொடர் மாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்தப் போராட்டத்தின் முகமாக இன்று நினைக்கப்படும் நெல்லி மக்லங் அப்போது எட்மன்டனுக்குக் குடிபெயர்ந்திருந்தார். கடைசிக் கட்ட வேலையை முடித்தவர்கள் வின்னிபெக்கில் தங்கியவர்கள்.

'எல்லாப் பெண்களுக்கும்' என்று எழுதுவதும் சரியல்ல. ஒப்பந்த உரிமை பெற்ற பூர்வகுடி மக்களுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், மானிட்டோபா தேர்தலில் வாக்கு 1952-ல்தான் வந்தது. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவை எதிர்த்திசையில் போனது: 1907-ல் அதன் தேர்தல் சட்டம் 'இந்துக்கள்' என்ற ஒரே சொல்லில், சீக்கியர் உட்பட, இந்தியாவிலிருந்து வந்த அத்தனை பேரின் வாக்கையும் பறித்தது, 1947 வரை அது நீடித்தது. வாக்காளர் தகுதி மாகாணத்தின் கையில் இருந்ததால், பக்கத்துப் பக்கத்து மாகாணங்களில் இப்படி இரண்டு நிலை.

மதுவிலக்கில் வேறொரு நுட்பம். அரசு புதுச் சட்டம் எழுதவில்லை. 1900-ல் ஹ்யூ ஜான் மெக்டொனால்ட் அரசு நிறைவேற்றி, அன்று கனடாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் செல்லும் என்று தீர்ப்பளித்து, அதன்பின் ராப்ளின் அலமாரியில் வைத்த சட்டத்தை எடுத்து மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. நீதிமன்றத்தில் ஏற்கெனவே தேறிய வாசகம் என்பதால் மறுபடி வழக்குக்கு இடமில்லை. 1916 மார்ச் 13-ல் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆதரவு. ஜூன் 1 முதல் அமல். மாகாணத்துக்குள் நடக்கும் விற்பனையை மட்டுமே மாகாணம் தடுக்க முடியும். உற்பத்தியும் மாகாணங்களுக்கிடையேயான வணிகமும் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசின் கையில். பக்கத்து மாகாணத்திலிருந்து தபாலில் வரவழைப்பது நின்றது, மத்திய அரசு போர்க்காலத் தடை போட்ட பிறகுதான்.

பள்ளிச் சட்டத்தில்தான் இந்தச் சட்டமன்றத்தின் கைப்பட்ட காயம் நீண்ட நாள் ஆறாமல் இருந்தது. 1896-ல் லாரியேயும் அன்றைய மானிட்டோபா முதல்வர் தாமஸ் கிரீன்வேயும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு பள்ளியில் பத்து மாணவர் பிரெஞ்சையோ ஆங்கிலம் அல்லாத வேறு மொழியையோ தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அந்த மொழியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. 'வேறு மொழி' என்ற சொல் அதற்குள் உக்ரேனியர், போலந்துக்காரர், ஜெர்மன் பேசும் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எல்லாரையும் கொண்டுவந்தது. கல்வி அமைச்சர் ஆர். எஸ். தார்ன்டன் அவையில் வைத்த கணக்கு: பிரெஞ்சு இருமொழிப் பள்ளிகள் 126, ஜெர்மன் 61, உக்ரேனிய–போலந்துப் பள்ளிகள் 111, மொத்தம் 16,720 மாணவர். பல இடங்களில் ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமில்லை. ஒரே ஊரில் இரண்டு மொழிக்குழுக்கள் தலா பத்துப் பேரைத் திரட்டினால் பள்ளி நிர்வாகம் என்ன செய்வது என்பதற்கும் விடையில்லை. குறைகள் உண்மை. ஆனால் அரசு அந்தப் பிரிவைச் சீர்படுத்தவில்லை, அடியோடு நீக்கியது; கூடவே பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியது. இரண்டும் சேர்ந்தபோது விளைவு கடுமையானது. மென்னோனைட்டுகளில் கணிசமானோர் 1922 முதல் மெக்சிகோவுக்கும் பின்னர் பராகுவேக்கும் போனார்கள். ஆசிரியர் பயிற்சியையும் பாடநூலையும் கொடுத்து அந்தப் பிரிவைத் திருத்தியிருக்க முடியும் என்பது என் கருத்து. ஆளுங்கட்சிக்கு நாற்பது இடங்கள் இருந்ததால் திருத்தம் பேச வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை.

சட்டவியல் மாணவர்கள் இந்தச் சட்டமன்றத்தை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக: மக்கள் முனைவு மற்றும் பொதுவாக்கெடுப்புச் சட்டம். முந்தைய தேர்தலில் பதிவான வாக்கின் 8 சதவீத எண்ணிக்கை அளவுக்கு வாக்காளர் கையெழுத்திட்டு ஒரு சட்டத்தை முன்வைக்கலாம், அவை அதை நிறைவேற்றாவிட்டால் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும், வென்றால் சட்டம். டிக்சன் பல ஆண்டாகப் பிரசாரம் செய்த கொள்கை. அரசே எச்சரிக்கையோடு அதை மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியது. செல்லாது என்று பதில் வந்தது. 1919-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஹால்டேன் பிரபு அதை உறுதிசெய்தார்.

காரணம் மக்களாட்சிக்கு எதிரான மனநிலை என்று சிலர் எழுதுகிறார்கள். தீர்ப்பு அப்படிப் போகவில்லை. மேலே சொன்ன விலக்கைப் பாருங்கள்: துணைநிலை ஆளுநர் பதவியை மாகாணம் மாற்றக் கூடாது. ஒரு மசோதா சட்டமாவது அவர் ஒப்புதல் தரும்போது. மக்கள் வாக்கெடுப்பில் வென்றதே சட்டம் என்றால் அந்த இடத்திலிருந்து அவர் அகற்றப்படுகிறார். ஆகவே செல்லாது. நீதிபதிகள் இதைத் தாண்டி, சட்டமன்றம் தன் அதிகாரத்தைத் தன்னைப்போன்ற இன்னொன்றிடம் ஒப்படைக்கலாமா என்றும் சந்தேகம் எழுப்பினார்கள், முடிவாகச் சொல்லவில்லை. மதுவிலக்கு வாக்கெடுப்பு ஏன் தப்பித்தது என்று கேட்கலாம். அங்கே சட்டத்தை இயற்றியது அவை, ஒப்புதல் தந்தது துணைநிலை ஆளுநர். அமலுக்கு வருமா வராதா என்பதை மட்டும் வாக்கெடுப்பு தீர்மானித்தது. 1915-ல் கேமரனின் கையில் மானிட்டோபாவைக் காப்பாற்றிய பதவி, நான்கே ஆண்டில் அதே கட்சியின் சீர்திருத்தத்தைத் தடுத்து நின்றது.

அதன்பின் வந்த தொடர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1917-ல் விவசாயக் கடன் சட்டங்கள். 1918-ல் பெண் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டம், முதலாளி தொழிலாளி இரு தரப்பும் உட்காரும் வாரியத்தோடு. அதே ஆண்டில் அரசுப் பணி நியமனச் சட்டம். கட்டாய ராணுவச் சேவை விவாதம் அவையைப் பிளந்தது; ரிக் 1917-ல் மத்தியத் தேர்தலில் நிற்பதற்காக விலகினார். 1919 மே 15 முதல் ஜூன் 26 வரை வின்னிபெக் பொது வேலைநிறுத்தம். அதில் முடிவுகளை எடுத்தவை நகராட்சியும் ஒட்டாவாவும். மாகாணம் பின்னர் எச். ஏ. ராப்சன் தலைமையில் விசாரணை வைத்தது. அவை உறுப்பினரான டிக்சன் வேலைநிறுத்தப் பத்திரிகையை நடத்தியதற்காகத் தேசத்துரோக அவதூறு வழக்கில் கைதாகி, வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடி, 1920 பிப்ரவரியில் விடுதலையானார்.

15-வது சட்டமன்றம் ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்ந்தது. கடைசித் தொடரில் அது இயற்றிய ஒரு மாற்றம் அடுத்த அவையின் உருவத்தையே தீர்மானித்தது: வின்னிபெக் முழுவதும் ஒரே தொகுதி, பத்து இடங்கள், மாற்றத்தக்க ஒற்றை வாக்கு. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார். செல்லத்தக்க வாக்குகளைப் பதினொன்றால் வகுத்து ஒன்று கூட்டினால் வெற்றிக்கான அளவு. 1920 ஜூன் 29-ல் அது 4,312. டிக்சனுக்கு முதல் விருப்பமாக விழுந்தவை 11,586. மிஞ்சிய 7,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி பெரும்பாலும் மற்றத் தொழிலாளர் வேட்பாளர்களுக்குப் போயின. வேலைநிறுத்த வழக்கில் சிறையில் இருந்த வில்லியம் ஐவன்ஸ், ஜான் குவீன், ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் மூவரும் சிறையிலிருந்தபடியே தேர்வானார்கள். லிபரல் பட்டியலில் எடித் ரோஜர்ஸ் வென்று அவையின் முதல் பெண் உறுப்பினரானார். பெய்னன் சகோதரிகள் நான்கு ஆண்டுக்கு முன் திருத்த வைத்த அந்தச் சொற்றொடரின் பலன் அது.

மாகாணம் முழுவதும் நாரிஸ் பெற்றது 55-ல் 21. ஆட்சியை விடவில்லை, சிறுபான்மையாக நடத்தினார். ஆகவே 16-வது சட்டமன்றம் மூன்றாவது வகையில் முடிந்தது: 1922 மார்ச்சில் அவையிலேயே கண்டனத் தீர்மானத்தில் அரசு தோற்றது, கோடையில் தேர்தல் வந்தது. விவசாயிகள் இயக்கம் தலைவர் என்று ஒருவரை முன்னிறுத்தாமலே வென்று, பிறகு விவசாயக் கல்லூரி முதல்வர் ஜான் பிராக்கனை அழைத்து மாகாண முதல்வர் பதவியில் உட்கார வைத்தது. அவர் அவை உறுப்பினர் அல்ல. ஆனால் வடக்கே தி பாஸ் தொகுதியில் வாக்குப்பதிவு வழக்கம்போல் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அங்கே நின்று உள்ளே வந்தார்.